தெளிவில்லை என்று போட்ட படங்கள்

சேந்தமங்கலம்
மாசி 14

அன்புள்ள மாமாவுக்கு,

பிரவீனா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் சுகம். அங்கே உங்கள் சுகம் நீங்களாக வாயைத் திறந்தால்தான் எங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில் நான் பத்து கேட்டால் நீங்கள் ‘ம்’ என்று ஒன்று சொல்கிறீர்கள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஆள் இளைத்திருக்கிறாரா, சாப்பிட்டாரா, என் மேல் கோபமா என்று வாரம் முழுக்க யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். காகிதத்தில் நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்கள் போனை வைக்க முடியாது.

அத்தைக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. தினமும் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். தேய்க்கும்போதெல்லாம், “அவன் ஏஞ் சாமி அந்தமானுக்குப் போனான், நம்மூர்ல தண்ணியா இல்ல?” என்று கேட்கிறார்கள். நம்மூரில் தண்ணீர் இல்லாததால்தான் உங்கள் மகன் போர்வெல் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார் என்று சொன்னால், அதற்கும் என்னைத்தான் முறைக்கிறார்கள். டி.வி. சத்தத்தை நாளுக்கு நாள் கூட்டி வைக்கிறார்கள். காது மந்தமாகிவிட்டதோ என்று பயந்தேன். அதெல்லாம் இல்லை, வீட்டில் ஆள் சத்தம் கேட்க வேண்டுமாம். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் நாங்கள் இரண்டு பேர் எவ்வளவுதான் பேசிக்கொள்வது?

பக்கத்துத் தோட்டத்துச் சின்னான் அண்ணனின் போர்வெல்லில் மோட்டார் நடுவிலேயே சிக்கிக்கொண்டது. கேமரா விட்டுப் பார்க்க உங்களைத் தேடி வீட்டுக்கு வந்தார். நீங்கள் இல்லை என்றதும் திருச்செங்கோட்டிலிருந்து வேறொரு ஆளைக் கூட்டி வந்தார்கள். நானும் போய் நின்று பார்த்தேன். அந்த ஆள் கேபிளை விடுகிற லட்சணத்தில் கேமரா உள்ளே பம்பரமாகச் சுற்றியது. குழாய் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, மோட்டார் எந்த இடத்தில் நிற்கிறது, ஒன்றும் தெரியவில்லை. இந்த ஆளைக் கேபிளில் விட்டதே தப்பு என்று நான் வாய்விட்டே சொன்னேன். “தனபாலு இருந்திருந்தா ரெண்டு நிமிசத்துல காட்டியிருப்பானுங்க” என்று சின்னான் அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆபீஸ் எப்போதும் போலத்தான். கீழே லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் காலையிலிருந்து தகரத்தைத் தட்டுகிறார்கள். மாடியில் நாங்கள் பதினோரு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கடலுக்கு அடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாமக்கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிற வேலை என்று பஸ்ஸில் யாரிடமாவது சொன்னால் நம்புவதில்லை. நீங்கள் தீவில் படகிலிருந்து கேமராவை இறக்குகிறீர்கள். அந்தப் படம் இங்கே வருகிறது. அதை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, வெள்ளைப்பூ எங்கே தெரிகிறதோ அங்கே மவுஸால் பெட்டி போடுகிறோம். தீவுப் படம் முழுக்க என் கம்ப்யூட்டருக்கே வரும்படி சபரிநாதன் சாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளைப்பூ என்பது ஆபீசில் நாங்களாக வைத்த பேர். ஒரு நாள் அத்தைக்குச் செல்போனில் அதன் படத்தைக் காட்டினேன். “மல்லிப்பூச் சரமாட்ட இருக்குது, இதைப் போயி ஆகாதுங்கறாங்களா?” என்றார்கள். பூ இல்லை அத்தை, அது உயிருள்ள பிராணி, ஒவ்வொரு பூவுக்கும் எட்டுக் கை, நடுவில் வாய், எந்த நாட்டுக் கடலிலிருந்தோ கப்பலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வந்து இங்கே இருக்கிற பவளத்தின் மேலெல்லாம் படர்ந்து மூச்சுமுட்டக் கொன்றுவிடுகிறது என்று விளக்கினேன். “பார்த்தீனியமாட்டன்னு சொல்லு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இதைத்தான் சபரிநாதன் சார் எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பெடுத்தார்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஒவ்வொரு படத்திலும் முதல் முப்பது விநாடியைத் தள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு விதி. கேமரா படகில் இருக்கும்போதே ஓட ஆரம்பித்துவிடுகிறது, அதில் கடல் இருக்காது. நான் தள்ளுவதில்லை. அதில் உங்கள் நீல ரப்பர் செருப்பு தெரியும். பிறகு கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பீர்கள். போர்வெல்லில் இறக்கும் முன்னால் துடைக்கிற அதே துடைப்பு. துணி விலகும்போது உங்கள் கை ஒரு விநாடி ஸ்கிரீன் முழுக்க இருக்கும். அப்புறம் தண்ணீர். ஒரு படத்தில் மோவாய் வந்தது. தாடி விட்டிருக்கிறீர்கள், போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்து நாற்காலி வித்யா எட்டிப் பார்த்து, “அக்கா, கடல் இன்னும் வரலையா?” என்று கேலி செய்கிறாள்.

உங்களை அனுப்பியது நான்தான். போன ஆடியில் சபரிநாதன் சார், கேபிளில் கேமரா இறக்கிப் பழக்கப்பட்ட ஆள் யாராவது தெரியுமா, தீவில் கம்பெனிக்காரர்கள் தேடுகிறார்கள் என்று எங்களைக் கேட்டார். நான் எழுந்து நின்று, எங்கள் வீட்டுக்காரர் ஆயிரம் அடி வரைக்கும் இறக்குவார் என்றேன். அங்கே ஆழமே அறுபது எழுபது அடிதான் என்பது பிறகுதான் தெரிந்தது. “நம்ம கெணத்து ஆழந்தாம் புள்ள” என்று முதல் வாரம் போனில் சிரித்தீர்கள். போர் போடுகிற ரிக் வண்டிக்குப் பின்னால் கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று வருஷம் பூராவும் அலைவதற்கு இது ஒரே இடத்தில் ஆறு மாசம், சித்திரை பத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் எழுந்து நின்றேன்.

நேற்று சபரிநாதன் சார் ஒரு சேதி சொன்னார். மொத்தம் எண்பது இடத்தில் கேமரா இறக்குகிறீர்கள் அல்லவா? அதில் நாற்பது இடத்துக்கு மேல் வெள்ளைப்பூ இருந்தால் கம்பெனி வடக்குத் தீவுகளையும் பார்த்தாக வேண்டுமாம். அதே ஆட்கள், இன்னும் ஒரு வருஷம். நாற்பதுக்குள் நின்றால் சித்திரையோடு மூட்டை கட்டலாம். இதுவரை நான் முப்பத்தாறு இடத்தைப் பார்த்து முடித்திருக்கிறேன். பத்தொன்பதில் பூ இருக்கிறது. இந்தச் சேதி உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் போனில் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறீர்களா?

சித்திரைக் கடைசியில் மாரியாத்தா நோம்பி. அதற்கு வந்துவிடுவேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதை அத்தை மறக்கவில்லை. நான் மறந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரிலேயே நின்றால் விரல் இடுக்கில் புண் வரும், தேங்காய் எண்ணெய் தடவுங்கள். காற்றும் தண்ணீரும் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
பிரவீனா


சேந்தமங்கலம்
பங்குனி 22

அன்புள்ள மாமாவுக்கு,

பிரவீனா எழுதுவது. வெயில் மண்டையைப் பிளக்கிறது என்பதைத் தவிர இங்கே ஒரு குறையும் இல்லை. என் கடிதத்தைப் பற்றிப் போனில் “கெடச்சுது” என்று சொன்னீர்கள். ‘ம்’மிலிருந்து ஒரு முழு வார்த்தைக்கு வந்திருக்கிறீர்கள், முன்னேற்றம்தான்.

முதலில் நல்ல சேதி. ஐம்பத்தெட்டு இடம் பார்த்து முடித்துவிட்டேன். பூ இருப்பது இருபத்திரண்டில்தான். மிச்சமிருக்கிற இடம் அத்தனையிலும் பூத்துக் கிடந்தால் ஒழிய நாற்பதைத் தாண்டாது. தாண்டாது என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் சித்திரை பத்துக்கு மேல் எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் டிக்கெட் பார்க்கலாம்.

இந்த மாதம் வருகிற படங்கள் கொஞ்சம் கலங்கலாக இருக்கின்றன. ஒரு படத்தில் மணல் எழும்பி ஒன்றுமே தெரியவில்லை. எங்கள் பட்டியலின் கடைசியில் ‘தெளிவில்லை’ என்று ஒரு பொத்தான் உண்டு, இத்தனை நாள் அதை நான் தொட்டதில்லை. அன்றைக்கு அமுக்கினேன். அந்த இடம் எண்ணிக்கையில் சேராமல் தனியாகப் போய்விட்டது. நாங்கள் பூ உண்டு, இல்லை என்று போடுவதில் பத்துக்கு ஒன்றை வித்யா திறந்து சரிதானா என்று பார்ப்பாள். தெளிவில்லை என்று போட்டதை மட்டும் யாரும் திறப்பதில்லை. கடல் என்று இருந்தால் கலங்காமல் இருக்குமா? ஜேடர்பாளையம் படுகையணையில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் இறங்கி நின்றால் நம் கால் நமக்கே தெரியாது. அது போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், நான் ஒருத்தியாகவே. அத்தை கதவில் சாய்ந்து நின்று, “ஏம் புள்ள, நோம்பிக்கு இன்னும் எத்தன நாளு கெடக்குது” என்று சிரித்தார்கள். எதற்கு என்று தெரிந்து சிரிக்கிறார்கள், தெரியாத மாதிரி கேட்கிறார்கள். உங்கள் வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். பீரோவில் என் புடவைகள் உங்கள் தட்டு வரைக்கும் வந்துவிட்டிருந்தன, அதையும் எடுத்து ஒதுக்கிவிட்டேன்.

இந்தத் தடவை கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற நானும் பேர் கொடுத்திருக்கிறேன். வித்யா ஆத்தூரையும் தாண்டி ஏதோ ஊர், அவள் ஊரில் கம்பம் நடுகிற வழக்கம் இல்லையாம். கோயிலுக்கு முன்னால் நடுகிற முக்கவர் மரம்தான் மாரியாத்தாளின் வீட்டுக்காரர், நோம்பி முடிகிற வரைக்கும் பெண்கள் தினமும் காலையில் குடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அவருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், முடிந்ததும் பிடுங்கிக் கிணற்றில் விட்டுவிடுவார்கள் என்று அவளுக்குச் சொன்னேன். “அப்போ அந்த அம்மனுக்கு வருஷத்துல பதினஞ்சு நாள்தான் வீட்டுக்காரரா?” என்று கேட்டாள். சேர்ந்தாற்போல் பதினைந்து நாள் கிடைக்கிறதே, பரவாயில்லையே என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரித்ததுதான் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

நமக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நீங்கள் சேர்ந்தாற்போல் இரண்டு மாதம் வீட்டில் இருந்தது கொரோனா சமயத்தில் மட்டும்தான். ஊரே பயந்து கிடந்தது. ரிக் வண்டிகளெல்லாம் போட்ட இடத்திலேயே நின்றன. நீங்கள் வாசலில் உட்கார்ந்து கேபிளைப் பிரித்துப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை வெளியே சொன்னால் அடிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

வரும்போது சிப்பி, சங்கு என்று எதையும் அள்ளிக்கொண்டு வர வேண்டாம். கடல் சாமானை நான் வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது. ஆள் வந்தால் போதும். மாரியாத்தா உங்களை நல்லபடியாகக் கரை சேர்ப்பாள்.

இப்படிக்கு,
பிரவீனா


சேந்தமங்கலம்
சித்திரை 26

அன்புள்ள மாமாவுக்கு,

பிரவீனா எழுதுவது. உங்கள் கையில் ஒரு கோளாறும் இல்லை. சுகம் விசாரிப்பதற்கு முன்னால் அதை எழுதிவிடுகிறேன். மீதியைப் படிக்காமல் கிழித்துப் போட்டாலும் இது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளை ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டால் இதைத்தான் முதல் வார்த்தையாகச் சொல்வேன். அதற்கு மேல் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் மற்றதை எழுதுகிறேன்.

சித்திரை பத்துக்கு வருவீர்கள் என்று இருந்தேன். கம்பெனி ஏதோ காகித வேலை என்று நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். நானும் நம்பினேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் விஷயத்தைச் சொன்னீர்கள். “மூணுல ஒரு படம் தெளிவில்லைன்னு வந்திருக்குதாம் பிரவீ. கேபிள் ஆடுதுங்கறாங்க. இருபத்தொம்போது எடத்துல திரும்ப எறக்கோணுமாம், அப்பறம் வேற ஆளப் பாத்துக்கறமுங்கறாங்க. எனக்கே கை முன்ன மாதிரி நிக்கறதில்லையோன்னு தோணுது. ஊட்ல இருக்கறப்ப நீ எதாச்சும் பாத்தியா? டம்ளர் புடிக்கறப்ப?” என்று கேட்டீர்கள். நீங்கள் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை.

உங்கள் அப்பாவுக்குக் கை நடுக்கம் இதே நாற்பத்திரண்டு வயதில்தான் தொடங்கியது என்றும், கடைசி ஆறு வருஷம் அத்தைதான் சோறு ஊட்டினார்கள் என்றும் எனக்குத் தெரியும். அது உங்கள் மனதில் ஓடுகிறது என்பதும் அந்த நிமிஷமே தெரிந்தது. இல்லை என்று கத்தியிருக்க வேண்டும். ‘ம்’ என்றுதான் வந்தது. “அப்பச் செரி” என்று போனை வைத்துவிட்டீர்கள்.

இருபத்தொன்பது படத்தில் உண்மையாகவே தெரியாதது மூன்றுதான். மற்ற இருபத்தாறும் பூ இருப்பது கண்ணாடி மாதிரி தெரிந்த படங்கள். நான்தான் தெளிவில்லை என்று போட்டேன். நாற்பதைத் தாண்டக் கூடாது, நீங்கள் வர வேண்டும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. பூ இல்லை என்று போட்டிருக்கலாம். போட்டால் வித்யா திறந்து பார்த்துவிடுவாள் என்ற பயம் ஒரு பக்கம். இருப்பதை இல்லை என்று சொல்வது பொய், தெளிவில்லை என்றால் பொய் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டது இன்னொரு பக்கம். துணிந்து பொய் சொல்லியிருந்தால்கூட யாரும் உங்களைக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் பாதி யோக்கியமாக இருந்ததுதான் உங்கள் தலையில் விடிந்திருக்கிறது.

தெளிவில்லை என்றால் கடலைக் குற்றம் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. கேமரா இறக்கிய ஆளைச் சொல்வார்கள் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. சின்னான் அண்ணன் தோட்டத்தில் படம் தெரியாதபோது நானே அந்த ஆளைத்தானே சொன்னேன்? அப்போதும் புத்தி வரவில்லை.

போனை வைத்த பிறகு படுத்துப் பார்த்தேன், எழுந்து பாத்திரம் தேய்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. வைகாசி பிறந்தால் அங்கே காற்று எழுந்துவிடும், படகு நிற்காது என்று நீங்கள்தான் ஒரு தடவை சொன்னீர்கள். அந்தக் காற்றில், கை நடுங்குகிறது என்று பயந்துகொண்டு, ஆடுகிற படகின் ஓரத்தில் நின்று இருபத்தொன்பது தடவை குனிந்து கேமராவை இறக்குவீர்கள். இது என் கண்ணை விட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை காலை குடத்தை எடுத்துக்கொண்டு கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். கூட வந்தவர்களெல்லாம் தங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டே ஊற்றினார்கள். என் முறை வந்தபோது உங்கள் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊற்றிவிட்டு, ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு, நேராக ஆபீசுக்குப் போனேன்.

சபரிநாதன் சாரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். “ஏம்மா, எழுந்து நின்னு சொன்னதும் நீங்கதான், அவர் பேரைக் கெடுத்ததும் நீங்கதானுங்களா?” என்று மட்டும் கேட்டார். வித்யாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாப் படத்தையும் மறுபடி ஓட்டச் சொன்னார். நான்கு நாள் ஆயிற்று. வித்யா இந்தத் தடவை கேலி ஒன்றும் செய்யவில்லை. ஒரு படத்தில் பெரிய மேசைப் பவளம் ஒன்று, பாதி உயிரோடு, பாதியில் வெள்ளைப்பூ. அதற்கும் நான் தெளிவில்லை என்று போட்டிருந்தேன். அதைப் பார்த்தபோது அந்தப் பவளத்துக்கும் துரோகம் செய்துவிட்டதாகத்தான் இருந்தது.

எண்பது படத்திலும் உங்கள் கையைப் பார்த்தேன், மாமா. இந்தத் தடவை முதல் முப்பது விநாடியையும் ஓட்டலாமா என்று சாரிடம் அனுமதி கேட்டே ஓட்டினேன். கார்த்திகையில் எடுத்த முதல் படத்திலிருந்து பங்குனிக் கடைசிப் படம் வரைக்கும் வரிசையாக. வித்யாவும் பார்த்தாள். ஒன்றில்கூட நடுங்கவில்லை. கேபிள் ஒரே சீராக இறங்குகிறது. டாக்டரிடம் எதுவும் போய்விடாதீர்கள், போயிருந்தால் மருந்து எதையும் சாப்பிடாதீர்கள்.

சரியான எண்ணிக்கை நாற்பத்தொன்பது. வியாழக்கிழமை கம்பெனிக்கு மெயில் போய்விட்டது. தப்பு செய்தது யாரென்று எழுத வேண்டாம் என்று சார் சொன்னார். என் பேரையே எழுதச் சொன்னேன். தனபால் பெண்டாட்டி என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும், உங்களுக்குத் தலைக்குனிவுதான். கேபிள் பிடிக்கத் தெரியாதவர் என்பதற்கு இது தேவலை என்று நினைத்தேன். தப்பாக இருந்தால் சொல்லுங்கள். திரும்ப இறக்க வேண்டியதில்லை என்று நேற்றே பதில் வந்துவிட்டது. என்னைக் கடல் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் பள்ளிக்கூட மார்க் பட்டியல் அடிக்கிறேன். உங்கள் படம் வித்யாவுக்குப் போகும்.

அத்தையிடமும் மறைக்கவில்லை. டி.வி.யை நிறுத்திவிட்டு முழுசும் கேட்டார்கள். அப்புறம், “உங்க மாமனாரு ரிக்கு லாரி எடுக்கப் போறப்ப நானும் ஒருக்கா சாவியக் கொண்டி அரிசிக்குள்ள போட்டு வெச்சேன். ரெண்டு நாளு தேடுனாங்க. இன்னிக்கி வரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல” என்றார்கள். நான் சிரித்தேன், அவர்கள் அழுதுவிட்டார்கள். அன்றைக்கு டி.வி.யை மறுபடி போடவில்லை.

இனி நாற்பத்தொன்பதின் விஷயம். வடக்குத் தீவுகளுக்கு ஒரு வருஷம். உங்களையே கேபிளில் வைத்துக்கொள்வதாகப் பதிலில் எழுதியிருக்கிறார்கள், கையெழுத்துக் கேட்பார்கள். அங்கே பவளம் இன்னும் நன்றாக இருக்கிறதாம், பூ போய்ச் சேர்வதற்குள் பார்த்துவிட்டால் ஏதாவது செய்யலாம் என்று சபரிநாதன் சார் சொல்கிறார். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். நீங்கள் போட்டால் நான் குறை சொல்ல மாட்டேன் என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், பாருங்கள். அது பொய். குறை சொல்வேன். ஆனால் இனி உங்களை வரவைக்க நான் எதையும் செய்ய மாட்டேன். எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இதை மாசியிலேயே இப்படி எழுதியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

புதன்கிழமை கம்பம் பிடுங்குகிறார்கள். நீங்கள் இல்லாத நோம்பி எனக்குப் புதிதில்லை, சமாளித்துக்கொள்வேன். மாரியாத்தா உங்கள் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டாள்.

என்னை நீங்கள் திட்ட வேண்டும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் போனில் திட்டாதீர்கள், எனக்கு உறைக்காது. நேரில் வந்து திட்டுங்கள். ஒரு வருஷம் கழித்து வந்தாலும் சரி. அதுவரைக்கும் கோபம் ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாமா.

இப்படிக்கு,
பிரவீனா